சைலஸுக்காக ஒரு வார்த்தை

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்கம்மா. எனக்கு இந்த பஸ்ஸும் மலையும் புதுசில்ல. வளைவு ஆரம்பிச்சா தலை சுத்துமா? அப்ப வெளியவே பாத்துக்கிட்டு வாங்க, குனிஞ்சு போனைப் பாக்காதீங்க. டீச்சர் வேலைக்கா போறீங்க? நல்லதாப் போச்சு. நானும் டீச்சராத்தான் இருந்தேன். கணக்கு.

இதுவா? ஸ்கேன் படம்மா. என் வீட்டுக்காரரோடது. மதுரையில பெரிய டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றேன். வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாரு, மறுபடி உறையில போட்டு என் கையிலயே குடுத்துட்டாரு. "இனிமே அவரை இவ்வளவு தூரம் இறக்கிக் கூட்டிட்டு வராதீங்கம்மா, பிடிச்சதைக் குடுங்க, வலிக்கு மட்டும் மருந்து எழுதறேன்"னாரு. அவ்வளவுதான். அழுகை எல்லாம் வரல. எனக்கு என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கு, அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சேன்னுதான் ஆத்திரமா வருது.

அவரைக் கொடைக்கானல்ல ஹால்வர்சன் துரைன்னு கேட்டுப் பாருங்க, எல்லாருக்கும் தெரியும். ஏரியைச் சுத்தித் தனியா நடப்பாரே, உயரமா, பழுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு. மிஷன் ஆளுன்னு நினைச்சுக்கிட்டு ஸ்தோத்திரம் சொல்வாங்க. மிஷனும் இல்ல, பாதிரியும் இல்ல. அமெரிக்க அரசாங்கத்துல தூதரக அதிகாரி. எங்கெங்க தெரியுமா? எல்லாம் ஆப்பிரிக்காவுலதான். அவரோட படிச்சவங்க பாரீஸ் வேணும், ரோம் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. இவர் மட்டும் ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்கான்னு கேட்டாரு. கேட்டவருக்கு இல்லேன்னா சொல்வாங்க? யாரும் போகாத இடமாச்சே.

நான் திண்டுக்கல். அப்பல்லாம் ஆப்பிரிக்காவுக்கு இங்க இருந்து டீச்சருங்களை எடுப்பாங்க. வீட்ல ஒரே ரகளை. நான் போயிட்டேன். சின்ன நாடும்மா, பேரைச் சொன்னா உலகப்படத்துல தேடணும். அதுல வடக்குக் கோடியில ஒரு பள்ளிக்கூடம். அங்கதான் சைலஸ் கபண்டா இருந்தாரு. அந்த ஊர்க்காரர், அப்ப என்கூட வாத்தியார், அப்புறம் ஹெட்மாஸ்டர். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவர் சம்சாரம் ஆக்னஸ்தான் கஞ்சி காய்ச்சி ஊட்டினாங்க. வாரன், அதான் என் வீட்டுக்காரர், அப்ப தூதரகத்துல சின்னப் பதவி. அந்த ஊர் பாஷை கத்துக்கணும்னு சைலஸ்கிட்ட வருவாரு. பாஷை வந்துச்சோ இல்லையோ, என்கூடக் கல்யாணம் முடிஞ்சது. அதுக்கு வாஷிங்டன்ல, அவங்க மேலிடத்துல அனுமதி வாங்கணும். வெளிநாட்டுப் பொண்ணுன்னா துருவித் துருவி விசாரிப்பாங்க. எங்க அப்பா பேர் சரியா இருக்கான்னு பாக்க ஒரு ஆள் திண்டுக்கல் வரைக்கும் வந்துட்டுப் போனான்னா பாருங்களேன்.

என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. யார்கிட்ட என்ன பேசினாலும் அன்னிக்கே அவர்கிட்ட ஒப்பிச்சிடுவேன். அவர் நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டா ஒண்ணு வரும். ஆனா அந்த ஒண்ணை அவ்வளவு பிரியமாச் சொல்வாரு. "கிருபா"ன்னு கூப்பிட்டா, அதுலயே எல்லாம் இருக்கும்.

அப்புறம் வேற வேற நாடு. எல்லா இடத்துலயும் நல்ல பேரு. கடைசியா மறுபடி அதே நாட்டுக்கே வந்தோம், இந்தத் தடவை தலைநகரத்துக்கு, தூதருக்கு அடுத்த பதவியில. எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? "மிசஸ் ஹால்வர்சன், அடுத்த மாத்தல்ல உங்க வீட்டுக்காரர் தூதர்தான்"னு. தூதர்! காருக்கு முன்னாடி கொடி பறக்கும்மா. திண்டுக்கல்லு கிருபாவதி அதுல போவேன்.

அந்த உத்தியோகத்துல பொண்டாட்டிக்கும் பாதி வேலை. மந்திரி சம்சாரங்களுக்கு டீ குடுக்கணும், அவங்க கூப்பிட்டா போகணும், சிரிக்கணும். நான் அதுல கெட்டிக்காரி. தற்பெருமை இல்லம்மா, தூதரோட சம்சாரமே என்னைக் கேட்டுத்தான் யாரை எங்க உக்கார வைக்கிறதுன்னு முடிவு பண்ணுவாங்க. உள்துறை மந்திரி சம்சாரம் ஃபிலோமினா இருந்தாளே, அவ என்னைத் தங்கச்சின்னே கூப்பிடுவா.

அந்த வருஷம் வடக்குல கலவரம். கலவரம்னு பேப்பர்ல போட்டாங்க. உண்மையில பட்டாளத்துக்காரன் இறங்கி ஊர் ஊரா எரிச்சிட்டு இருந்தான். அந்தப் பக்கத்து ஜனங்க வேற இனம், அதான் காரணம். தலைநகரத்துல ஒருத்தரும் அதைப் பேச மாட்டாங்க. சைலஸ் மட்டும் அப்பப்ப கருவாட்டு லாரியில ஏறி வந்துடுவாரு, எங்க வீட்டுக்கு. பின்பக்கம் ஒரு ரூம் இருந்துச்சு. ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு உக்காருவாங்க. நான் டீ கொண்டுபோவேன். சைலஸ் சொல்லிட்டே இருப்பாரு, இவர் கேட்டுட்டே இருப்பாரு. ஒரு தடவை நான் உள்ள போறப்ப சைலஸ் கையை இப்படித் தரையில இருந்து இவ்வளவு உயரத்துக்குக் காட்டிட்டு இருந்தாரு. பிள்ளைங்க உயரம்மா. அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க.

வாரன் அதையெல்லாம் மேலிடத்துக்கு எழுதுவாரு. திருப்பி என்ன பதில் வரும்? அந்த அரசாங்கம் நமக்கு வேண்டிய அரசாங்கம், உங்க அறிக்கையில இருட்டு ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் பாத்து எழுதுங்கன்னு. அவரோட தூதரே கூப்பிட்டுச் சொன்னாரு. "வாரன், அடுத்த வருஷம் உன் பேர் பட்டியல்ல இருக்கு. ஏன் கெடுத்துக்கறே?" நானும் அதையேதான் சொன்னேன். அவர் கேட்டுக்கிட்டாரு, மறுநாள் மறுபடி எழுதினாரு.

கடைசித் தடவை சைலஸ் வந்தப்ப பள்ளிக்கூடத்துக் கூரை எரிஞ்சுபோச்சுன்னு சொன்னாரு. மழைக்காலம் வருது, பிள்ளைங்களை மரத்தடியில உக்கார வெச்சிருக்கேன், வந்தது பாதிப் பிள்ளைங்கதான்னாரு. நான் கணக்குச் சொல்லிக்குடுத்த கட்டடம்மா அது! மறுநாள் காலையில சைலஸ் லாரி ஏறிப் போயிட்டாரு. அன்னிக்குச் சாயங்காலம் ஃபிலோமினா வீட்ல டீ.

பேச்சுவாக்குல அவளே கேட்டா. "உன் வீட்டுக்காரர் வடக்கை இன்னும் மறக்கலையாமே தங்கச்சி?"

"எப்படி மறப்பாரு? அங்க இருந்து எங்க சைலஸ் வந்து வந்து எல்லாத்தையும் சொல்றாரே."

"யாரு சைலஸ்?"

"ஹெட்மாஸ்டர். தங்கமான மனுஷன். பாவம், அவர் பள்ளிக்கூடக் கூரையைப் பட்டாளத்துக்காரங்க எரிச்சிட்டாங்களாம். நீங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி, தகரத்துக்கு ஏற்பாடு பண்ணினா புண்ணியமாப் போகும். இன்னிக்குத்தான் ஊருக்குக் கிளம்பினாரு, லாரியில போயிட்டு இருப்பாரு."

அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "கண்டிப்பாச் சொல்றேன். எந்தப் பள்ளிக்கூடம்? ஊர் பேரு என்ன?" ரெண்டு தடவை கேட்டுச் சொல்லிப் பாத்துக்கிட்டா. அந்த மாதிரி அக்கறையா யாரும்மா கேப்பா? தட்டுல இன்னொரு துண்டு கேக் வெச்சா. எனக்கு அன்னிக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

வீட்டுக்கு வந்தேன். அவர் சாப்பிட உக்காந்திருந்தாரு. நான் எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். இனிமே சைலஸுக்குக் கவலையில்ல, மந்திரி வீட்லயே சொல்லிட்டு வந்திருக்கேன்னு.

அவர் ஸ்பூனைக் கீழ வெச்சாரு. "பேரைச் சொன்னியா?"

"பேரைச் சொல்லாம எப்படிச் சிபாரிசு பண்றது?"

எழுந்தாரு. கார் சாவியை எடுத்தாரு. "எங்க போறீங்க? சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு பின்னாடியே ஓடினேன். நிக்கல. டிரைவரைக்கூடக் கூப்பிடல. வடக்கு ரோட்ல போயிட்டாரு.

மறுநாள் மத்தியானம்தான் வந்தாரு, சட்டையெல்லாம் செம்மண்ணு. வழியில ஒரு செக்போஸ்ட்டு இருக்கு, ஆத்துப் பாலத்துக்கிட்ட. லாரி அங்கேயே நின்னுட்டிருந்துச்சாம். மூட்டையெல்லாம் கீழ இறக்கிப் போட்டிருந்தாங்களாம். டிரைவர் சொன்னானாம், பேரைக் கேட்டாங்க, ஹெட்மாஸ்டரை மட்டும் இறக்கிக் கூட்டிட்டுப் போனாங்கன்னு. வாரன் அந்தச் செக்போஸ்ட்டுல சண்டை போட்டிருக்காரு. நான் அமெரிக்கத் தூதரகம், அவரை விடுன்னு. அவங்க துப்பாக்கியைக் காட்டி அனுப்பிட்டாங்க.

இருங்கம்மா, இருங்க. நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியுது. நானும் ஒரு நிமிஷம் அப்படி நினைச்சேன், பொய் சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு டீ குடிச்சு முடிக்கிற நேரத்துல ஒரு ஆளைப் பிடிக்க முடியுமா? அதெல்லாம் எப்பவோ திட்டம் போட்டிருப்பாங்க. ரொம்ப நாளா அவரைக் கண்காணிச்சிருப்பாங்க. அதுக்கும் நான் சொன்னதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்படி இருந்திருந்தா என் வீட்டுக்காரர் என்னைச் சும்மா விட்டிருப்பாரா? கத்தியிருப்பாரு, அடிச்சே இருப்பாரு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லலையே! அதைவிட வேற சாட்சி வேணுமா?

எனக்கு அப்பவே சந்தேகம் பொனிஃபேஸ் மேல. எங்க சமையல்காரன். சைலஸ் வந்தா கதவுக்கிட்டயே நிப்பான். நான்தான் அவனை வேலையை விட்டு நிறுத்தினேன். வாரன், "வேண்டாம் கிருபா, அவன் ஒண்ணும் செய்யல"ன்னாரு. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன். அந்தப் பொனிஃபேஸ் கேட்ல நின்னு அழுதான், நான் என்ன பண்ணினேன் மேடம்னு. பண்ணினவன் எவன் ஒத்துக்குவான், சொல்லுங்க.

அதுக்கப்புறம் இவர் ஏறாத படி இல்ல. தூதர்கிட்டப் போனாரு. இது அவங்க உள்நாட்டு விஷயம்னாரு தூதர். மந்திரி ஆபீசுல போய் உக்காந்தாரு, அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட இல்லைன்னாங்க. நான் ஃபிலோமினாவுக்குப் போன் பண்ணினேன். எத்தனை தடவை! குளிக்கறாங்க, தூங்கறாங்க, வெளியூர் போயிருக்காங்க. பதவியில இருக்கிறவங்க சிநேகிதம் அப்படித்தான்.

ஆக்னஸ் வந்தாங்கம்மா. நடந்தும் லாரியிலயுமா வந்து எங்க வாசல்ல உக்காந்துட்டாங்க. வாரன் வீட்ல இல்ல. நான்தான் உள்ள கூட்டிட்டு வந்து டீ குடுத்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டு ஆறுதல் சொன்னேன். "பயப்படாதீங்க ஆக்னஸ், அன்னிக்கே நான் உள்துறை மந்திரி வீட்ல சைலஸைப் பத்தி எடுத்துச் சொல்லியிருக்கேன், ஊர் பேர் முதல்கொண்டு குடுத்திருக்கேன், அவங்க பாத்துக்குவாங்க"ன்னேன். அந்தம்மா என்னையே பாத்தாங்க. டம்ளரைக் கீழ வெச்சாங்க. எழுந்து போயிட்டாங்க. குடிக்கக்கூட இல்ல. அவங்க உக்காந்திருந்த இடத்துல செருப்பு ரெண்டும் அப்படியே கிடந்துச்சு, வெறுங்காலோடயே போயிட்டாங்க. நான் கேட் வரைக்கும் கூப்பிட்டுப் பாத்தேன். திரும்பல. எனக்குக் கஞ்சி ஊட்டின மனுஷி. துக்கம் மனுஷங்களை அப்படி மாத்திடுது.

சைலஸ் திரும்ப வரல. உடம்பும் வரல.

அப்புறம் மேலிடத்துல இருந்து ஒருத்தன் வந்தான் விசாரிக்க. உங்களுக்குத் தகவல் சொன்ன ஆள் எப்படி வெளிய தெரிஞ்சாருன்னு. எங்க வீட்டு ஹால்லதான் உக்காந்து பேசினாங்க. நான் பக்கத்து ரூம்ல இருந்தேன், காதுல விழுந்துச்சு.

"நான்தான்"னாரு வாரன். "ஒரு விருந்துல பேச்சுவாக்குல நான்தான் பேரைச் சொல்லிட்டேன். என் கவனக்குறைவு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்த மனுஷனா? விருந்துல உப்பை எடுங்கன்னு கேக்கவே யோசிக்கிறவரு! அந்த ஆள் போனதும் இவரைப் போய்ப் பிடிச்சேன். "ஏன் பொய் சொன்னீங்க? பொனிஃபேஸ்னு சொல்ல வேண்டியதுதானே? இல்ல, தெரியலைன்னாவது சொல்லியிருக்கலாமே?"

"ஏதாவது ஒரு பதில் சொல்லணும் கிருபா. சொல்லாட்டி எல்லாரையும் விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டுமே! உண்மை வரட்டுமே! நமக்கென்ன பயம்?"

அவர் படுக்கையை எடுத்துக்கிட்டுப் பின்பக்க ரூமுக்குப் போயிட்டாரு. சைலஸ் உக்காருவாரே, அந்த ரூமுக்கு. அன்னிக்குப் போனவர்தான்மா. எந்த நாடு, எந்த வீடு போனாலும் அவருக்குத் தனி ரூம்.

அதோட முடிஞ்சது உத்தியோகம். திருப்பிக் கூப்பிட்டாங்க. வாஷிங்டன்ல ஜன்னல் இல்லாத ஒரு ரூம், பழைய விசா விண்ணப்பத்தையெல்லாம் தரம் பிரிக்கிற வேலை. அவருக்குக் கீழ இருந்த பையனுங்க ஒவ்வொருத்தனா தூதராப் போனானுங்க. நாங்க வழியனுப்பு விருந்துக்குப் போய்க் கை குலுக்கிட்டு வருவோம். எனக்கு வயிறு எரியும். அவர் முகத்துல எரிச்சலும் இருக்காது, வருத்தமும் இருக்காது. வெறும் சுவரு மாதிரி. நான் ஒரு நாள் அழுதே கேட்டேன், "நான் என்ன தப்புப் பண்ணினேன், என்கூட ஏன் பேச மாட்டேங்கறீங்க?"ன்னு. "நீ ஒண்ணும் பண்ணல கிருபா"ன்னாரு. அவர் வாயாலயே சொன்னாரும்மா.

வயசு இருக்கிறப்பவே வேலையை விட்டுட்டாரு. கொடைக்கானல் போலாம்னேன், சரின்னாரு. எதுக்கும் சரிதான். பிள்ளைங்க இல்ல. நானும் அவரும் ஒரு வீட்ல, ரெண்டு ரூம்ல.

நடுவுல அந்த அரசாங்கம் கவிழ்ந்துச்சு. வடக்குல குழிகளைத் தோண்டிப் பிணங்களை எடுத்தாங்க. வாரன் எழுதினது எல்லாம் உண்மைன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு புரொஃபசர், அமெரிக்காவுல இருந்து தேடிக்கிட்டு வந்தாரு எங்க வீட்டுக்கு. "அத்தனை பேர் வாயை மூடிக்கிட்டு இருந்தப்ப நீங்க ஒருத்தர்தான் எழுதியிருக்கீங்க, உங்களைப் பத்தி ஒரு புத்தகம் போடணும்"னாரு. நான் சந்தோஷத்துல பஜ்ஜி போட ஓடினேன். இத்தனை காலம் கழிச்சாவது மரியாதை வருதே! திரும்பி வந்து பாத்தா வாரன் வாசல் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. "நான் எழுதினதால யாரும் பிழைக்கல. ஒருத்தர் போனதுதான் மிச்சம். தயவு செஞ்சு போயிடுங்க"ன்னாரு. அந்தப் புரொஃபசர் முகம் செத்துப்போச்சு. நான் பஜ்ஜித் தட்டோட நிக்கறேன்.

புத்தகம் வந்திருந்தா அந்த விசாரணையையும் மறுபடி கிளறியிருப்பாங்க. உண்மையில காட்டிக்குடுத்தது யாருன்னு வந்திருக்கும். அவர் பேர் சுத்தமாயிருக்கும். அதைத்தான் வேண்டாம்னுட்டாரு.

பெருமாள்மலை வந்துடுச்சா? அடுத்து மூஞ்சிக்கல், நான் இறங்கணும்.

போன ஞாயித்துக்கிழமை கேட்டேன்மா. கோயில்ல ஆராதனை முடிஞ்சு வந்து, அவர் கட்டில் ஓரத்துல உக்காந்து. இப்பல்லாம் தூக்கத்துல அந்த ஊர் பாஷையிலதான் ஏதோ பேசறாரு, சைலஸ் பேர் மட்டும் எனக்குப் புரியும். முழிச்சிருந்தப்ப கேட்டேன். "போறதுக்கு முன்னாடியாவது எனக்குச் சொல்லுங்க. சைலஸைக் காட்டிக்குடுத்தது யாரு?"

"நான்தான் கிருபா."

"பொய். என்கிட்டயேவா? உங்க வாயில இருந்து அந்தப் பேர் வெளிய வந்திருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? யாரைக் காப்பாத்தறீங்க இன்னும்?"

கண்ணை மூடிக்கிட்டாரு. தூங்கிட்டாருன்னு நினைச்சேன். போர்வைக்குள்ள இருந்து கை வந்துச்சு, தடவித் தடவி, என் கையைப் பிடிச்சுக்கிச்சு. எத்தனையோ வருஷம் ஆச்சும்மா அவர் என்னைத் தொட்டு. எலும்புதான் இருக்கு அந்தக் கையில. அப்பவும் கேட்டேன், சொல்லுங்கன்னு. தலையை மட்டும் ஆட்டினாரு, இப்படி, வேண்டாம்னு.

நான் விட மாட்டேன். போய்ச் சேர்ந்ததும் இன்னொரு தடவை கேப்பேன். என்னம்மா, குமட்டுதா? முகமெல்லாம் வெளிறிப்போச்சே உங்களுக்கு. ஆச்சு, இன்னும் ரெண்டு வளைவுதான்.

நீங்களே சொல்லுங்கம்மா, படிச்சவங்கதானே. உத்தியோகம் போச்சு, மரியாதை போச்சு, ஒரு வாழ்க்கையே போச்சு, அப்பவும் அந்தப் பேரைச் சொல்லாம வெச்சிருக்காருன்னா, அது அவருக்கு எவ்வளவு வேண்டப்பட்டவங்களா இருக்கணும்! நானும் ஒவ்வொருத்தரா நினைச்சு நினைச்சுப் பாத்துட்டேன். அப்பா அம்மா கிடையாது, அண்ணன் தம்பி கிடையாது, சிநேகிதன்னா அந்தச் சைலஸ்தான். வேற யாரு? எனக்குத் தெரிஞ்சு அந்த நாட்ல அவருக்குன்னு இருந்தது நான் ஒருத்திதானேம்மா.